இறால் குளத்தில் வைப்ரியோ: தரை காய்ச்சுவது முதல் தண்ணீர் வெளியேற்றுவது வரை

ராத்திரி பதினோரு மணி இருக்கும். பக்கத்துக் குளத்து அண்ணன் போன் செய்தார். "தம்பி, செக் ட்ரேயைத் தூக்குனேன். இறால் பச்சையா மின்னுது. ஒரு எட்டு வந்து பாரு." உப்பனாற்று ஓரம், அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, நல்ல இருட்டு. இறால் தீவனம் தின்றதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கி வைக்கும் தட்டுதான் செக் ட்ரே. டார்ச்சை அணைத்துவிட்டு அதற்கு மேல் குனிந்து பார்த்தோம். ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த நாலைந்து இறாலின் தலைப்பக்கம் மெல்லிய பச்சை வெளிச்சத்தோடு தெரிந்தது. அலை அடிக்கும்போது மட்டும் பளிச்சென்று மின்னி அணைந்தால் அது தண்ணீரில் இருக்கும் நுண்பாசி. இறாலின் உடம்புக்குள்ளிருந்து நிலையாக வந்தால் அது வைப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா. நாங்கள் பார்த்தது இரண்டாவது வகை.

குளம் அப்போது குஞ்சு விட்டு 41ஆம் நாளில் இருந்தது. மறுநாள் காலை மருந்து விற்பவர் ஒருவர் சொன்னபடி கிருமிநாசினியை ஊற்றினார்கள். நானும் பக்கத்தில் நின்றேன், தடுக்கவில்லை. இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தெளிந்ததற்குக் காரணம், பாசி முழுக்கச் செத்து அடியில் படிந்ததுதான். நாலாம் நாள் ராத்திரி குளம் முன்பைவிட அதிகமாக மின்னியது. ஐந்தாம் நாள் தரையில் இறால் கிடந்தது.

அன்றிலிருந்து நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். வைப்ரியோவைக் கொன்று தீர்க்க முடியாது. அது கடலிலும் கழிமுகத்திலும் இயல்பாக வாழும் உயிர்; நல்ல இறாலின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். அது பெருகுவதற்கு இடமும் சோறும் கொடுக்காமல் இருப்பதுதான் நம் வேலை. சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வன்னாமி ரக இறால் வளர்ப்பவர்களை மனதில் வைத்து, அந்த வேலையை அது நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வைப்ரியோ ஒரு குடும்பம். ஹார்வேயி, பாராஹீமோலிடிகஸ், ஆல்ஜினோலிடிகஸ், கேம்ப்பெல்லி, வல்னிஃபிகஸ் ஆகியவைதான் நம் குளங்களில் அடிக்கடி அகப்படுபவை. எல்லாவற்றுக்கும் பொதுவான குணங்கள் மூன்று. உப்பும் வெப்பமும் பிடிக்கும். நம் சித்திரை, வைகாசி வெயில் அதற்குக் கொண்டாட்டம். இறால் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருளைத் தின்று வாழும். ஆகவே சட்டை உரித்த குளத்தில் அதற்கு விருந்து. சாதகமான சூழல் கிடைத்தால் பத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலையில் சரியாக இருந்த குளம் மறுநாள் காலைக்குள் கெடுவது இதனால்தான்.

நமக்கு அம்மை வந்து போனால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. இறாலுக்கு அப்படிப்பட்ட எதிர்ப்பு சக்தி கிடையாது. அதன் ஓடும், குடல் சுவரும், ஈரலும் கெடாமல் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. ஹெப்பட்டோ என்று பண்ணைகளில் சொல்கிறோமே, அதைத்தான் ஈரல் என்கிறேன். ஆக்சிஜன் குறைந்தாலும், அமோனியா ஏறினாலும், உப்பு திடீரென்று இறங்கினாலும் முதலில் பலவீனமாவது இவைதான். வைப்ரியோ அந்த நேரத்துக்குக் காத்திருக்கிறது.

இன்னொரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில பாராஹீமோலிடிகஸ் ரகங்கள் பிளாஸ்மிட் என்ற ஒரு தனி மரபணு வளையத்தைச் சுமக்கின்றன. அதிலிருந்து பிர்-ஏ, பிர்-பி என்ற இரண்டு நச்சுப் புரதங்கள் உருவாகி ஈரலை நேரடியாகச் சிதைக்கும். இதுதான் ஏ.எச்.பி.என்.டி என்ற ஈரல் அழுகல் நோய். 2009 வாக்கில் சீனாவில் தொடங்கி வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவி, குஞ்சு விட்ட முதல் ஒரு மாதத்துக்குள் குளங்களைக் காலி செய்தது. காரணம் இந்த பாக்டீரியாதான் என்று 2013இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதுவரை அதற்கு இ.எம்.எஸ், அதாவது ஆரம்பகாலச் சாவு, என்ற பொதுப்பெயர்தான். இன்றும் பலர் முதல் மாதச் சாவு எல்லாவற்றையும் இ.எம்.எஸ் என்கிறார்கள். அது தவறான பழக்கம். மோசமான குஞ்சு, சரியாகப் பழக்காமல் விட்டது, ஆக்சிஜன் குறைவு, வெள்ளைப்புள்ளி வைரஸ் ஆகிய எதனாலும் முதல் மாதம் சாகும். பெயரை அவசரமாக வைத்தால் வைத்தியமும் தவறாகத்தான் போகும்.

தரை

நோய்த் தடுப்பு குஞ்சு வாங்கும்போது தொடங்குவதில்லை. முந்தைய பிடிப்பு முடிந்த மறுநாள் தொடங்குகிறது.

தண்ணீரை முழுக்க வடியுங்கள். தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் ஏரேட்டரின் சுழலில் நடுவில் குவிந்திருக்கும் கறுப்புச் சேற்றை வழித்து எடுத்து, கரைக்கு வெளியே, மழையில் திரும்ப உள்ளே வராத இடத்தில் போடுங்கள். கரை மேலேயே கொட்டி வைப்பவர்களைப் பார்க்கிறேன்; ஒரு மழையில் அவ்வளவும் உள்ளே வந்துவிடும். பிறகு வெயிலில் காயவிடுங்கள். கால் புதையாமல், இரண்டு மூன்று அங்குலம் வெடிப்பு விழும்வரை காய வேண்டும். டெல்டா களிமண் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாக இருக்கும். வெடிப்பில் விரல் விட்டு மண்ணை மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை. உழுது மறுபடி காயவையுங்கள்.

முந்தைய பயிரில் இ.எச்.பி என்ற ஒட்டுண்ணி இருந்திருந்தால், அதாவது இறால் சாகாமல் வளராமலே நின்றிருந்தால், சாதாரணச் சுண்ணாம்பு போதாது. நீறாத சுட்ட சுண்ணாம்பு ஹெக்டேருக்கு 6 டன், ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2,400 கிலோ, போட்டு நாலைந்து அங்குல ஆழத்துக்கு உழுது, ஈரமாக்கி ஒரு வாரம் விட வேண்டும். மண்ணின் பி.எச் 12ஐத் தொட வேண்டும். செலவுதான். ஆனால் இ.எச்.பி ஈரலை அரித்து வைத்த இடத்தில்தான் வைப்ரியோ புகுகிறது. வெள்ளைக்கழிச்சல் வந்த குளங்களில் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம். சுட்ட சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் எரிக்கும். ஆட்களுக்குக் கையுறை, கண்ணாடி, முகமூடி வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தண்ணீர்

தேக்கக் குளம் இல்லாமல் வன்னாமி செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உப்பனாறோ, வெட்டாறோ, வேதாரண்யம் கால்வாயோ, நாம் எடுக்கும் தண்ணீரில்தான் மேலே உள்ள பண்ணையின் கழிவும் கலக்கிறது. கூடவே வயல் வடிகாலில் பூச்சிமருந்தும் வரும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது ஆற்றில் உப்பு இறங்கும். அந்த நாட்களில் நேரடியாகக் குளத்துக்குள் இறைத்தால், உப்பு மாற்றத்தையும் அழுக்கையும் ஒரே நேரத்தில் இறாலின் தலையில் கொட்டுகிறோம்.

ஓதத்தின் உச்சத்தில், வடிகட்டிப் பை கட்டி, தேக்கக் குளத்தில் எடுங்கள். இரண்டு மூன்று நாள் வண்டல் படியட்டும். அப்புறம் பிளீச்சிங் பவுடர். கணக்கு எளிது: ஒரு ஏக்கர், ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் 4,000 கன மீட்டர், 1 பி.பி.எம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது 4 கிலோ. 60 பி.பி.எம் என்றால் 240 கிலோ. பவுடரில் குளோரின் 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியான பழைய மூட்டையில் அது இருக்காது.

இரண்டு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். முதலாவது, சுண்ணாம்பு போட்ட பிறகு பிளீச்சிங் போடுவது. பி.எச் ஏறினால் குளோரினின் கொல்லும் சக்தி பெருமளவு போய்விடும். ஆகவே பிளீச்சிங் முதலில், சுண்ணாம்பு பிறகு. இரண்டாவது, காலையில் போடுவது. வெயில் குளோரினைத் தின்றுவிடும். பொழுது சாய்ந்த பின் போட்டு, ஏரேட்டரை ஓட்டிக் கலக்குங்கள். மூன்று நாலு நாள் கழித்து டெஸ்ட் கிட்டில் குளோரின் மிச்சம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அந்த அடுத்த வேலைதான் முக்கியம். குளோரின் போட்ட தண்ணீர் உழுது போட்ட வயல் மாதிரி. நாற்று நடாமல் விட்டால் கோரைதான் முளைக்கும். வைப்ரியோ வேகமாகப் பெருகும் சாதி. காலி இடத்தை முதலில் பிடிப்பது அதுதான். குளோரின் போன அன்றே பேசில்லஸ் வகை புரோபயாடிக்கும் (நன்மை செய்யும் பாக்டீரியா) பாசி வளர்ப்பும் தொடங்க வேண்டும். நம் ஊரில் தவிடு மலிவு. எண்ணெய் எடுத்த தவிட்டை மாவாக்கி, அதன் எடைக்கு ஐந்து பத்து மடங்கு தண்ணீரில் போட்டு, பேசில்லஸ் கலந்து, காற்றுக் கல் வைத்து 24 மணி நேரம் ஊறவையுங்கள். அந்தச் சாற்றைக் காலையில் குளம் முழுக்கத் தெளியுங்கள். கப்பி அடியில் குவியாதபடி வடிகட்டிவிட்டால் நல்லது. பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் இளம்பச்சையோ பழுப்போ பிடித்து, கை விட்டால் முழங்கை மறையும் அளவுக்குத் தெளிவு 35, 40 செ.மீ. வந்து நிற்கும். அதற்கு முன் குஞ்சு விடாதீர்கள்.

குஞ்சு

வன்னாமி இந்த நாட்டுக்கு வணிக அளவில் 2009இல் வந்தது. தாய் இறால் நோயற்றது என்ற சான்றோடு இறக்குமதியாகி, சென்னை நீலாங்கரைத் தனிமைப்படுத்தும் மையம் வழியாகக் குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போகிறது. தாய்க்குச் சான்று இருப்பதால் குஞ்சுக்கு நோய் இருக்காது என்று அர்த்தமில்லை. பொரிப்பகத் தொட்டியிலும் வைப்ரியோ ஏறும்.

வாங்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பி.எல் 10இலிருந்து 12 வரை (குஞ்சுப் பருவத்துக்கு வந்து 10, 12 நாள்), ஒரே அளவு, எதிர்நீச்சல் போட வேண்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து இருட்டில் வைத்து, மின்னுகிறதா என்று பாருங்கள். நுண்ணோக்கியில் கடைசி வயிற்றுக் கண்டத்தில் தசையும் குடலும் 4-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். ஈரலில் எண்ணெய்த் துளிகள் நிறையத் தெரிய வேண்டும். உப்பைச் சட்டென்று பாதியாக்கிய தண்ணீரில் நூறு குஞ்சை அரைமணி நேரம் விட்டு, பழைய தண்ணீருக்கு மாற்றி இன்னொரு அரைமணி பாருங்கள். தொண்ணூறுக்குக் கீழே பிழைத்தால் அந்தத் தொட்டி வேண்டாம். வெள்ளைப்புள்ளி, இ.எச்.பி, ஏ.எச்.பி.என்.டி மூன்றுக்கும் பி.சி.ஆர் என்ற மரபணுச் சோதனையை உங்கள் செலவில், நீங்கள் எடுத்த மாதிரியில் செய்யுங்கள்.

அடர்த்தி சதுர மீட்டருக்கு 60க்கு மேல் போகக் கூடாது என்பது கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் விதி. என்னைக் கேட்டால், மின்சாரம் நம்ப முடியாத ஊர்ப்புறத்தில் 30, 40 போதும். 500 கிலோ இறாலுக்கு ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் என்று வைத்து, உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டு அடர்த்தியை முடிவு செய்யுங்கள்.

தீவனம் போடும் கை

வைப்ரியோவுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டால், பெரும்பாலும் நாம்தான். மிஞ்சிய தீவனம், கழிச்சல், செத்த பாசி, உரித்த சட்டை ஆகியவையெல்லாம் அடியில் சேர்ந்து அழுகும் இடத்தில்தான் அது கூடுகட்டுகிறது.

செக் ட்ரேயை மட்டும் நம்புங்கள். தீவனப் பட்டியல் வழிகாட்டத்தான். இரண்டு மணி நேரத்தில் ட்ரே காலியாக வேண்டும்; வளர வளர அதை ஒன்றரை, ஒரு மணி என்று குறையுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வேளையில் கால் பங்கைக் குறையுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிச் சட்டை உரிக்கும் நாட்களில் இறால் சரியாகத் தின்னாது, ஓடும் இளசாக இருக்கும். அந்த மூன்று நாள் தீவனத்தைக் குறைத்து, தாது உப்பைக் கூட்டி, ராத்திரி ஏரேட்டரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். மேகமூட்டத்திலும் மழையிலும் அப்படியே.

குளத்தின் நடுவில் குழி வைத்திருந்தால் தினமும் கழிவை உறிஞ்சி வெளியேற்றுங்கள். குழி இல்லாத பழைய குளமானால், ஏரேட்டர்களின் திசையைச் சரிசெய்து அழுக்கை ஓர் இடத்தில் சேரவிட்டு, அந்த இடத்தில் தீவனம் போடாமல் இருங்கள்.

காலை 5 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆக்சிஜன் விடியற்காலையில் 4 பி.பி.எம்-க்குக் கீழே போகக் கூடாது. பி.எச் 7.5இலிருந்து 8.5 வரை இருக்கலாம். காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் அரைக்கு மேல் போனால் பாசி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அல்கலினிட்டி, அதாவது பி.எச்சை ஆடாமல் பிடித்து வைக்கும் காரத்தன்மை, 120 பி.பி.எம்-க்கு மேல் வையுங்கள். ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்து நாள் எண்ணை ஒரே பக்கத்தில் வரிசையாகப் பார்த்தால் குளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

பண்ணையிலேயே வைப்ரியோ எண்ணுவது

இதற்குப் பெரிய லேப் வேண்டாம். ஒரு சுத்தமான அறை, பிரஷர் குக்கர், சின்ன இன்குபேட்டர், டி.சி.பி.எஸ் ஊடகம் (பெரும்பாலும் வைப்ரியோவை மட்டும் வளரவிடும் கூழ்), பெட்ரித் தட்டு, ஸ்பிரிட் விளக்கு போதும். படித்த பிள்ளை வீட்டில் ஒருவர் இருந்தால் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும்.

1. டி.சி.பி.எஸ்ஸை நன்றாகக் கரையும்வரை கொதிக்க மட்டும் வையுங்கள். குக்கரில் அழுத்தத்தில் வேகவைக்கக் கூடாது, கெட்டுவிடும். குழாய், குப்பி, உப்புநீர் ஆகியவற்றை மட்டும் குக்கரில் வையுங்கள்.

2. காலை 8 மணிக்கு முன், மேலிருந்து ஓரடி ஆழத்தில், குளத்தின் நாலு இடத்தில் எடுத்துக் கலந்த தண்ணீர் வேண்டும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், வைப்ரியோ செத்துப்போய் எண்ணிக்கை பொய் சொல்லும். சில மணி நேரத்துக்குள் தட்டில் போட்டுவிடுங்கள்.

3. சுத்தமான 9 மி.லி. உப்புநீரில் 1 மி.லி. மாதிரியைச் சேருங்கள். இது பத்தில் ஒன்று. அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த 9 மி.லி.-யில் சேர்த்தால் நூறில் ஒன்று.

4. ஒவ்வொன்றிலிருந்தும் 0.1 மி.லி. தட்டில் பரப்பி, 28இலிருந்து 30 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள்.

5. தட்டில் முளைத்த மஞ்சள், பச்சைப் புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணுங்கள். பத்தில் ஒன்றுத் தட்டில் 45 புள்ளி என்றால் 45 × 10 × 10, அதாவது மி.லி.க்கு 4,500.

தண்ணீரில் மி.லி.க்கு மொத்தம் 1,000க்குக் கீழ், பச்சை 100க்குக் கீழ் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்பது பண்ணைகளில் வைத்துக்கொள்ளும் அளவு. மஞ்சள் என்றால் சர்க்கரையைப் புளிக்கவைப்பது, பச்சை என்றால் அப்படிச் செய்யாதது. நிறத்துக்கு அவ்வளவுதான் பொருள். பாராஹீமோலிடிகஸ் பச்சையாக வருவதால் பச்சையைக் கண்டால் பயப்படுகிறோம், சரி. ஆனால் ஹார்வேயியில் பல ரகங்கள் மஞ்சளாகவும் வரும், ஆல்ஜினோலிடிகஸும் மஞ்சள்தான். "மஞ்சள்தானே" என்று விட்டுக் குளத்தை இழந்தவர்கள் உண்டு. மொத்த எண்ணிக்கை ஒரே வாரத்தில் பத்து மடங்கு ஏறுகிறதா என்பதை நிறத்தைவிட முக்கியமாகப் பாருங்கள். எண்ணி முடித்த தட்டை அப்படியே குப்பையில் போடாதீர்கள். பிளீச்சிங் கரைசலில் ஒரு ராத்திரி மூழ்கவைத்துப் பிறகு போடுங்கள்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வல்னிஃபிகஸ் மனிதரின் காயம் வழியாகவும் புகும். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு அது உயிரையே எடுக்கலாம். கையிலோ காலிலோ புண் உள்ளவரைக் குளத்தில் இறக்காதீர்கள். இறால் முள் குத்திய இடம் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் "உப்புத் தண்ணீரில் வேலை செய்தேன்" என்று மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இறாலைப் படிப்பது

தினமும் ட்ரேயிலிருந்து பத்து, வாரம் ஒருமுறை வீச்சுவலையில் ஐம்பது. வெள்ளைத் தொட்டியில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

மீசை முழுதாக இருக்கிறதா? ஒடிந்து சிவந்திருந்தால் அடித்தரை கெட்டிருக்கிறது. ஓட்டில் கறுப்புப் புள்ளி, அரிந்த வால் என்றால் பாக்டீரியா ஓட்டைத் தின்கிறது. ஓட்டுக்கும் தசைக்கும் நடுவே இடைவெளி விழுந்து பொதபொதவென்று இருந்தால் லூஸ் ஷெல். குடல் ஒரே கோடாக, தீவன நிறத்தில் நிறைந்திருக்க வேண்டும். விட்டுவிட்டு இருந்தாலோ வெளுத்திருந்தாலோ சந்தேகப்படுங்கள். தண்ணீர் மேல் வெள்ளை நூல் மாதிரி மிதந்தால் வெள்ளைக்கழிச்சல். அது மிதந்து காற்றடிக்கும் மூலைக்குத்தான் போகும், அந்த மூலையைத் தினமும் போய்ப் பாருங்கள்.

ஈரல்தான் எல்லாவற்றையும்விட உண்மை சொல்லும். நல்ல ஈரல் பழுப்பாக, கொழுத்து, வெளி உறை மெல்லிய வெண்மையோடு இருக்கும். விரலால் நசுக்கினால் குழைந்துவிடும். ஏ.எச்.பி.என்.டி வந்த ஈரல் வெளுத்துச் சுருங்கி, கறுப்புக் கீற்று விழுந்து, விரலுக்கு நடுவில் நசுங்காமல் விறைப்பாக நிற்கும். குடலும் வயிறும் காலியாக இருக்கும். முதல் மாதத்தில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றே மாதிரி அனுப்புங்கள். பி.சி.ஆர் சோதனைக்கு 95 சதவீத எத்தனாலில், பாக்டீரியா வளர்த்துப் பார்க்க ஆக்சிஜன் பையில் உயிரோடு. செத்து நாறியதை அனுப்பினால் எந்த லேபும் எதையும் சொல்ல முடியாது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சீர்காழிப் பக்கமே ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் தலைமையிடம் இருக்கிறது, சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா இருக்கிறது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, மருந்துக் கடை மேசையில் நோய்க்குப் பெயர் வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாவு தினமும் இரட்டித்து, மூன்று நாளிலிருந்து பத்து நாளில் குளம் முழுக்கப் போனால், ஓட்டின் உட்புறம் வெள்ளைப்புள்ளி தெரிந்தால், அது வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பாக்டீரியாச் சாவு பெரும்பாலும் பொறுமையாக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஆனால் கண்ணால் மட்டும் பார்த்து உறுதி செய்ய முடியாது.

வந்துவிட்டால்

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது, செய்யாமல் இருப்பதுதான். எதையும் ஊற்றாதீர்கள். அடுத்த வேளைத் தீவனத்தை நிறுத்துங்கள். எல்லா ஏரேட்டரையும் ஓட்டுங்கள். ஆக்சிஜன், பி.எச், அமோனியா அளந்து எழுதுங்கள். தட்டில் மாதிரி போடுங்கள்.

முதல் நாளில் செத்ததை வலையில் வாரி, கரையிலிருந்து தள்ளிக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். காகம் தூக்கிப்போனால் பக்கத்துக் குளத்தில் போடும். அந்தக் குளத்துக்கான வலை, வாளி, ஆள் எல்லாவற்றையும் தனியாக்குங்கள். நடுக்குழிக் கழிவை எடுங்கள். தேக்கக் குளத்தில் சுத்தம் செய்த தண்ணீர் இருந்தால் பத்து சதவீதம் மாற்றுங்கள். ஆற்றுத் தண்ணீர் வேண்டாம்.

இரண்டாம் நாளிலிருந்து தீவனம் பாதிதான். அமோனியா ஏறியிருந்தால் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைப் பாகு. 1 கிராம் அமோனியா நைட்ரஜனைக் கட்ட சுமார் 20 கிராம் சர்க்கரைப் பொருள் வேண்டும். ஒரு ஏக்கர், ஒரு மீட்டர் குளத்தில் 1 பி.பி.எம் இருந்தால் மொத்தம் 4 கிலோ நைட்ரஜன். அதற்குச் சர்க்கரை 80 கிலோ. மொலாசஸில் பாதிதான் சர்க்கரை, ஆக 160 கிலோ. இதை ஒரே நாளில் கொட்டினால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனை உறிஞ்சி இறாலைக் கொன்றுவிடும். நாலு ஐந்து நாளாகப் பிரித்து, காலை வெயில் ஏறிய பின், ஏரேட்டர் ஓடும்போது, பேசில்லஸோடு சேர்த்துப் போடுங்கள். தீவனத்தில் கரிம அமிலமும் குடல் புரோபயாடிக்கும் கலந்து கொடுக்கலாம். தின்கிற இறாலுக்குத்தான் அது உதவும், தீனியை விட்ட இறாலுக்கு அல்ல.

கிருமிநாசினி வேண்டவே வேண்டாமா என்று கேட்பார்கள். இறால் உள்ள குளத்தில், பாசி உயிரோடு இருக்கும்போது, நான் போடச் சொல்வதில்லை. மேலே சொன்ன 41ஆம் நாள் குளம்தான் காரணம். அது வைப்ரியோவில் பெரும்பகுதியைக் கொல்லும், கூடவே அதன் எதிரிகளையும் கொல்லும், பாசியையும் அடியில் தள்ளும். மிஞ்சிய வைப்ரியோவுக்குக் காலி இடமும் சோறும் ஒன்றாகக் கிடைக்கிறது.

ஆன்டிபயாடிக் பற்றி இரண்டு பேச்சு இல்லை. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் உள்ளிட்டவை தடை செய்யப்பட்டவை. எச்சம் அகப்பட்டால் கன்டெய்னர் திரும்பும். உங்கள் ஒருவர் செய்ததற்கு ஊரே விலை இழக்கும். தவிர, தினம் தினம் ஆன்டிபயாடிக் குடித்த வைப்ரியோ அதற்கு அடங்காததாக மாறி ஆற்றில்தான் போய்ச் சேரும். இதில் ஒரு பொறியும் உண்டு: "குடல் டானிக்" என்ற பெயரில், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலம். ஆன்டிபயாடிக் இல்லை என்று ஆணையம் சான்றளித்த பொருளா என்று கேளுங்கள், பில் வாங்குங்கள், பாட்ச் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பிடிப்புக்கு முன் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பீடாவின் எச்சச் சோதனை இருக்கிறது. அப்போது மாட்டிக்கொண்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்து நாள் பார்த்தும் சாவு குறையவில்லை, இறால் விற்கும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் பிடித்துவிடுங்கள். ஓடு இளகும் முன் பிடித்தால் போட்ட பணத்தில் பாதியாவது கையில் நிற்கும். "இன்னும் பத்து நாள் பார்ப்போம், எடை ஏறும்" என்று காத்திருந்து முழுதையும் இழந்த குளங்கள் எங்கள் கரையிலேயே உண்டு.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் குளம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. மழைத் தண்ணீர் இலேசானது, மேலே நிற்கும். உப்புநீர் அடியில் தங்கும். கலக்காமல் விட்டால் அடியில் ஆக்சிஜன் போய்விடும். மதகின் மேல்பலகையை எடுத்து மேல்நீரை மட்டும் வடியுங்கள், ஏரேட்டரை நிறுத்தாதீர்கள். கரையில் சுண்ணாம்பு தூவி வையுங்கள். மழை அடித்து இறங்கும் அமிலம் அதில் அடங்கும். ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று மாலையிலேயே பாருங்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யம் பக்கம் பல நாள் மின்சாரமே இல்லை. கரையைத் தாண்டி வெள்ளம் வரும் இடமானால், அந்தப் பருவத்தில் குஞ்சு விடாமல் தரையைக் காயப்போடுவதே நல்லது என்பேன்.

தண்ணீரை வெளியே விடுவது

நோய் வந்த குளத்தின் மதகை ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிடும் பழக்கம்தான் என்னை அதிகம் வேதனைப்படுத்துகிறது. மறுநாள் ஓதத்தில் அதே தண்ணீரை ஆற்றின் அடுத்த வளைவில் இன்னொருவர் மோட்டார் போட்டு எடுக்கிறார்.

நோய்க் குளத்தில் 60 பி.பி.எம் பிளீச்சிங் போட்டு, குறைந்தது ஒரு வாரம் நிறுத்தி, குளோரின் இல்லை என்று பார்த்து, கழிவுநீர் சுத்திகரிப்புக் குளத்துக்கு விட்டு, அங்கே படிந்த பிறகுதான் வெளியே. வன்னாமி வளர்ப்புக்கு அந்தச் சுத்திகரிப்புக் குளம் கட்டாயம். இந்த விதிகளின் பின்னால் நம் மண்ணின் வழக்கு இருக்கிறது. இறால் பண்ணைகளால் குடிநீரும் வயலும் உப்பாவதை எதிர்த்து எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் ஆணையச் சட்டம் வந்தது. அந்த மக்கள் சொன்ன குறை பொய்யில்லை. பக்கத்து வயல்காரர் நடவு நட்டிருக்கும்போது நம் உப்புக் கழிவு அவர் வாய்க்காலில் போகக் கூடாது.

எங்கள் கரையில் இப்போது பதினோரு பண்ணைக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். யார் எந்த நாள் தண்ணீர் எடுக்கிறார், யார் வெளியே விடுகிறார் என்று முதல் நாளே எழுதிவிடுவோம். யார் குளத்தில் சாவு தொடங்கினாலும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் பயிரில் இரண்டு பேர் மறைத்தார்கள். போன கோடையில், குளம் மின்னுகிறது என்று முதலில் எழுதியது அன்று ராத்திரி எனக்குப் போன் செய்த அந்த அண்ணன்தான். மற்ற பத்துப் பேரும் அன்றைக்கே மோட்டாரை நிறுத்தினோம்.